நாற்பத்தேழாம் எண்

செரிக்பாயின் இரண்டாம் மகள் பல்ஜான் 1994ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிறந்தாள். தொழிற்கல்லூரியில் வெல்டிங் பயின்று 2015இல் தேறினாள். அழுத்தக் குழாய்களைப் பற்றவைக்க உரிமம் பெற்றவள் என்பதற்கு அடையாளமாக 47 என்ற எண்ணும், அதைப் பொறிக்கும் எஃகு முத்திரையும் அவளுக்குத் தரப்பட்டன. தான் போட்ட ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் அந்த எண்ணைச் சுத்தியலால் அடித்துப் பதிக்க வேண்டும். பின்னால் இணைப்பு விட்டுப்போனால் யாரைக் கேட்பது என்பதை இரும்பே சொல்லும். அவளுடைய அக்கா ஷோல்பான், எங்கள் ஊரில் வீடுகளைச் சூடேற்றும் வெந்நீர்க் குழாய்களைப் பதிக்கும் ஒப்பந்தக்காரரிடம் மேஸ்திரியாக இருந்த தொக்தார்பெக்கின் மருமகள். பல்ஜானை அந்த வேலையில் சேர்த்தவரும் அவரே. நான் செரிக்பாயின் தம்பி. எங்கள் குடும்பத்தின் ஏழு தலைமுறைப் பதிவுகளும் என் பொறுப்பில் உள்ளன. இதுவரை எழுதியதில் யாருக்கும் மறுப்பு இராது.

தொக்தார்பெக்கின் குழுவில் நால்வர் பற்றவைத்தார்கள். மற்ற மூவரின் உரிமமும் காலாவதியாகியிருந்தது. "வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா தொலைஞ்சிடும் அம்மாடி, முத்திரை நம்ம கருவிப் பெட்டியிலயே கெடக்கட்டும்" என்று அவர் சொன்னார். அக்காவின் மாமனார் சொல்கிறாரே என்று அவளும் விட்டுவைத்தாள்.

மறு ஆண்டு ஜனவரியில், உறைநிலைக்குக் கீழே முப்பது பாகை இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்தின் பின்புறம் குழாய் வெடித்தது. இரண்டு தெருக்களின் வீடுகள் குளிர்ந்து போயின. குழாயின் உறையைக் கிழித்துப் பார்த்தபோது, பிளந்த இணைப்பின் அருகே 47 என்று இருந்தது.

"இது நான் போட்ட ஜாயின்ட் இல்ல, மாமா."

"நம்பர் உன்னுதுதானே?"

"நம்பர் என்னுது. கை என்னுது இல்ல. இந்தத் துண்டை மாட்டுன அன்னிக்கு நான் எங்க இருந்தேன், சொல்லுங்க."

"எனக்கென்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாதா? உங்க பேரனைத் தொட்டில்ல போட்ட விருந்து அன்னிக்கு. உங்க வீட்லதான் உக்காந்திருந்தேன். இன்னொரு துண்டு தின்னும்மான்னு நீங்கதானே கறிய என் தட்டுல வச்சீங்க?"

பக்கத்தில் நின்ற பழைய வெல்டர் ஒருவன் சிரித்துவிட்டான். "ஆளுக்குக் கறி போட்டு உக்கார வச்சிட்டு, முத்திரைய மட்டும் இங்க வேலைக்கு அனுப்பிட்டீங்களா மேஸ்திரி?"

"வாய மூடுடா." பிறகு அவளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எல்லா எடத்துலயும் இப்படித்தான் ஓடுது. ஒரு நம்பருக்கா இவ்வளவு கூப்பாடு? விசாரிக்க வந்தா, என் ஜாயின்ட்தான்னு கையெழுத்துப் போட்டுடு. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

அவள் கையெழுத்துப் போடவில்லை. கிரைண்டரை எடுத்துக்கொண்டு, இன்னும் உறை போர்த்தாத புதுக் குழாய் நெடுக நடந்தாள். தான் போடாத ஒவ்வோர் இணைப்பிலிருந்தும் தன் எண்ணைத் தேய்த்து அழித்தாள். தொக்தார்பெக் பின்னாலேயே கத்திக்கொண்டு போனார். கிரைண்டரின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. எண் இல்லாத குழாயை ஏற்க முடியாது என்று அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு தொக்தார்பெக் என் அண்ணன் வீட்டுக்கு வந்தார். வேலையாட்கள் முன்னால் சம்பந்தியை அவமதித்ததற்கு, வழக்கப்படி அபராதமாக ஒரு குதிரையும் ஒரு மேலங்கியும் தர வேண்டும் என்றார். பெரியவர்கள் தலையசைத்தார்கள். அண்ணனும் தலையசைத்தார்.

"அண்ணே, குதிரை அந்தப் பக்கத்துலேருந்துல்ல வரணும்" என்றேன்.

"நீ எழுதுறவன். எழுது. பேசாத." பிறகு மகளிடம் திரும்பினார். "மூத்தவ அந்த வீட்ல வாழணும் அம்மாடி. மேலங்கிய நீயே மாமா தோள்ல போட்டுடு. ஒரே ஒரு வார்த்தை, தப்புதான்னு சொல்லிடு."

"இத்தனை பேர் உக்காந்திருக்கீங்க. அந்த ஜாயின்டை யார் போட்டாங்கன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? பிள்ளைங்க ஓடி வெளையாடுற எடம்ப்பா அது. திங்கக்கெழம வெடிச்சிருந்தா யாருக்கு மேலங்கி போட்டிருப்பீங்க?"

தொக்தார்பெக் தேநீர்க் கிண்ணத்தை வைத்தார். "பாத்தீங்களா சம்பந்தி? சர்ட்டிபிகேட் வாங்கி ஒரு வருஷம் ஆகல, நாக்குல தீப்பொறி பறக்குது."

"இனிமே நாக்குல மட்டும்தான் மாமா பறக்கும். நான் ஜாயின்ட் போடப் போறதில்ல. கரகண்டி நகரத்துக்குப் போயி, போட்ட ஜாயின்டைச் சோதிக்கிற படிப்புப் படிக்கப் போறேன். இரும்புக்குள்ள ஒலிய விட்டு ஓட்டை தேடுற வேலை. அப்புறம் நீங்க எந்த நம்பரை வேணும்னாலும் அடிச்சுக்குங்க. உள்ள என்ன இருக்குன்னு நான் பாப்பேன்."

சொல்லிவிட்டு, புறப்படுகிறவர்கள் ஆசி கேட்கும் முறைப்படி, இரு உள்ளங்கைகளையும் விரித்துத் தந்தையின் முன் நின்றாள்.

"முதல்ல மேலங்கி. அப்புறம் ஆசி" என்றார் அண்ணன்.

அவள் கைகளைத் தாழ்த்திக்கொண்டாள். மேலங்கியை அண்ணனே சம்பந்தியின் தோளில் போட்டார். கிராமத்தில் வளர விட்டிருந்த இளங்குதிரையையும் கொடுத்தார். மறுநாள் பல்ஜான் பெட்டி கட்டும்போது ஷோல்பான் தொலைபேசியில் அழைத்தாள். "நீ செஞ்சது சரிதான்டி. ஆனா இங்க எனக்கு டீ கூடத் தொண்டையில இறங்கல" என்றாள். இரண்டும் உண்மை.

தீர்ப்புச் சொல்வது பதிவு எழுதுகிறவனின் வேலையன்று. ஆயினும் ஒன்றை எழுதாமல் விட்டால் என் பதிவு பொய்யாகும்: அபராதம் செலுத்தியிருக்க வேண்டியவனின் தோளில்தான் அன்று மேலங்கி ஏறியது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்தோம்.

பல்ஜான் படித்துத் தேறி, சோதனையாளராக ஊர் திரும்பினாள். குளிர்காலத்துக்கு முன் எங்கள் குழாய்களைச் சோதிப்பவர்களில் அவளும் ஒருத்தி. தொக்தார்பெக்கின் ஆட்கள் போட்ட இணைப்புகள் பலவற்றை வெட்டி எறியச் சொல்லியிருக்கிறாள், அவர்களும் வெட்டினார்கள். அவர் இன்றும் அந்த மேலங்கியை அணிந்துதான் விருந்துகளுக்கு வருகிறார்.

ஒவ்வொரு பண்டிகைக்கும் பல்ஜான் தந்தையின் வீட்டுக்கு வருகிறாள், தேநீர் ஊற்றுகிறாள். புறப்படும்போது உள்ளங்கைகளை விரிக்கிறாள். அண்ணன் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

ஒன்பது ஆண்டுகள்.