வாசல் நிலையில் ஒரு கோடு

அன்று முத்துச்சிப்பி ஷெட்டில், முத்து வளர்த்துப் பார்க்கும் ஆராய்ச்சி ஆபீசர் இருந்தார். கடலிலிருந்து சிப்பி எடுத்துவரும் என் மச்சான் இருந்தான், தலை ஈரம் காயாமல். சிப்பிக்கு ஆப்பு வைத்துத் திறக்கிற நான் இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கூட்டிவந்த என் மகள் இருந்தாள். எழுபதுகளின் நடுவில் அது. அவளுக்குப் பத்து வயது. பார்த்தவர்கள் நாலு என்பார்கள்.

ஒரு சிப்பியின் ஓரச்சதையை ஆபீசர் துண்டு துண்டாக வெட்டுவார். ஒரு துண்டை இன்னொரு சிப்பிக்குள் சின்ன மணியோடு ஒட்டி வைப்பார். துண்டு புரண்டுவிட்டால் மணி வெறும் மணியாகவே கிடக்கும். சதை கொடுத்த சிப்பி செத்துப்போகும். அதை வாளியில் போடுவது நான்.

அன்று திறந்த சிப்பியில் முத்து இருந்தது. மிளகளவு.

"ஏளா, ஒனக்குச் சோடி கெடச்சிட்டு," என்றான் மச்சான் மகளிடம்.

"போங்க மாமா."

ஆபீசர் முத்தை அவள் கையில் வைத்தார். "அந்தத் துண்டுல இருக்கிற செல் ஒவ்வொண்ணும் உள்ள சரக்குச் செய்யும். பொட்டலம் கட்டி ஓரத்துக்குக் கொண்டுவந்து வெளிய விடும். அதுதான் இந்தப் பளபளப்பு. நம்ம உடம்புலயும் அப்படித்தான். சில சரக்கு அடுத்த செல்லுக்குச் சேதி. வளரு, நில்லுன்னு சொல்லும்."

"நம்ம ஹார்பர் மாதிரில்லா இருக்கு," என்றான் மச்சான்.

டாக்டர் என்ன சொன்னார் என்று ஆபீசர் என்னைக் கேட்டார். சொன்னேன். மூளைக்கு அடியில் ஒரு சுரப்பி. எலும்பை வளரச்சொல்லும் சரக்கு அதிலிருந்து வெளியே வரவில்லை. மருந்து என்றால் செத்த மனிதர் தலையிலிருந்து எடுக்க வேண்டும். நம் பக்கம் கிடைக்காது.

நான் கேட்டேன்.

"சார், எங்கிட்ட இருந்து ஒரு துண்டு வெட்டி புள்ளைக்கு வைக்கலாம்லா?"

"அவ உடம்பு அதை வெளியாள்னு தள்ளிரும்."

"சிப்பி தள்ளலியே சார்."

"சிப்பிக்கு அவ்வளவு ஆள் அடையாளம் தெரியாது."

"குடுத்த சிப்பி செத்துரும்னு யோசிக்கியளா? செத்தா சாவட்டும் சார்."

மச்சான் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஆபீசர் கையை மட்டும் அசைத்தார், முடியாது என்று.

மகள் முத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"இது இன்னும் வளருமா சார்?"

"வெளிய எடுத்தாச்சும்மா. இனி வளராது."

அவள் அதைத் தட்டில் வைத்தாள்.

மாதா திருநாளுக்குத் துணி எடுத்தோம். எங்கள் வீட்டில் திருநாளுக்கு முந்தின நாள் புதுக் கவுனைப் போட்டு, பிள்ளையை வாசல் நிலையில் நிறுத்திக் கோடு போடுவோம். தையல்காரர் அந்த வருசம் டேப்பை எடுக்கவே இல்லை. "போன வருச அளவுதானே அண்ணாச்சி," என்றார். நான் தலையாட்டினேன்.

மகள் நிலையில் முதுகை ஒட்டி நின்றாள். குதிகாலைத் தூக்கினாள். அவள் அம்மா பார்த்துவிட்டுக் கவுனின் ஓரத்தைக் கீழே இழுத்துவிட்டாள்.

"காலைத் தாத்து, மக்கா," என்றேன்.

தாழ்த்தினாள். பென்சில் பழைய கோட்டின் மேலேயே விழுந்தது. அளந்தேன்.

மூன்றடி ஒரு அங்குலம்.