வாளி வேண்டாம்!

எழுத்து எனக்கு அஞ்சாம் வகுப்போடு சரி. கோணல்மாணலாக வரும், நடுவில் மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் அப்போது குத்தகைச் சண்டை. அறுப்பு வயலில் நடந்த அடிதடியில் பண்ணையின் காரியக்காரர் செத்துப்போனார். என் கொழுந்தனாருக்குத் தூக்கு என்று தீர்ப்பானது.

அன்றிலிருந்து அந்தச் சொல்லை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்றுவிட்டார் மாமியார். சொன்னால் பலித்துவிடுமாம். கஞ்சி கொண்டுபோகும் தூக்குவாளி வெறும் வாளியானது. என் பிள்ளை "தூக்கு, தூக்கு" என்று அழுதால், "இடுப்புல வையின்னு அழுடா!" என்று அதட்டுவார்.

தண்டனையைக் குறைக்கச் சொல்லி ஊர்வலம் போனோம். "தூக்கு வேண்டாம்" என்று கோஷம் போட வேண்டும். முன்னால் மாமியார், கையில் மகனுக்கான கஞ்சி வாளியோடு.

"வாளி வேண்டாம்! வாளி வேண்டாம்!"

பின்னால் வந்த பெண்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு போலீஸ்காரர் மறித்தார்.

"ஏம்மா, வேண்டாம்னா கீழ வைங்களேன். கையில வச்சுக்கிட்டே கத்துறீங்க?"

மாமியார் வாளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆண்கள் முன் நான் வாய் திறந்ததே இல்லை. தரையைப் பார்த்தபடி, "அது வாளி இல்லீங்க. தூக்குங்க," என்றேன்.

போலீஸ்காரர் குனிந்து வாளியைத் தூக்கினார்.

"எம் புள்ளைக்கு ஆக்குன கஞ்சிய்யா அது! தூக்காத! தூக்காத!" என்று அலறினார் மாமியார். அப்புறம் ஊர்வலம் முழுக்க அதுதான் கோஷம். போலீஸ்காரர் பயந்துபோய் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

திரும்பும்போது கேட்டேன். "அதே சண்டையில நம்மாளு ஒருத்தரப் பண்ணை ஆளு ஒருத்தன் அடிச்சுக் கொன்னானே அத்தை. அவனுக்கு?"

"அவனுக்கும் வேணாம்டி. அவனப் பெத்தவளும் இப்புடித்தான அந்தச் சொல்ல முழுங்குவா? வேணும்னா அவன் கஞ்சியில உப்பக் கொறச்சிக்க."

இன்றைக்கும் என் கட்சி அதுதான். யாருக்கும் அது வேண்டாம். ஒருவரைத் தொங்கவிட்டால் செத்த காரியக்காரர் எழுந்து வரப்போவதில்லை.

பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். தண்டனை முடிந்து கொழுந்தனார் வீடு வந்த அன்று, "அந்தத் தூக்குவாளிய எடுடி" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார் மாமியார்.

குறைத்தது ஹைகோர்ட்டா, கவர்னரா, நினைவில்லை. விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். வாளியில் சந்தேகமில்லை, பரணில் இருக்கிறது.