பட்டு சிக்காத கை

பிள்ளையார்பாளையத்தில் என் பட்டுத்தறிக்குத் தார் சுற்றுபவள், அதாவது ஊடை நூலைச் சின்னக் குழல்களில் சுற்றித் தருபவள், என் மனைவி அம்சா. கல்யாணமான மறுவாரமே ராட்டையின் முன் உட்கார்ந்தவள். இருபத்திரண்டு வருஷத்தில் என் தறி நூலுக்காகக் காத்து நின்றதே இல்லை. 2008 தை மாதத்தில் ஒருநாள், "ஏங்க, காலைல எழுந்தா வெரலே மடங்க மாட்டேங்குது. சரியாவ ஒரு மணி நேரம் ஆவுது" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பட்டிழையை எடுத்து அவள் விரல்மேல் இழுத்துப் பார்த்தேன். சொரசொரப்பான கையில் பட்டு சிக்கும். அவள் கையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. "பட்டே சிக்கல, இந்தக் கைக்கு என்னாடி நோவு?" என்றேன். பெரிய மேதாவி!

பங்குனியில் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். அதன்பிறகு அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பிலிமைத் தூக்கிக் காட்டினேன். சொந்தக்காரர்கள் நடுவில் 'சோம்பேறி' என்றுகூடச் சொன்னேன். அவள் வெந்நீரில் கையை ஊறவைத்துவிட்டுத் தார் சுற்றினாள்.

ஏனாத்தூர் கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் சந்தியா பிடிவாதம் பிடித்து, கார்த்திகையில் எங்களைச் சென்னைக்கு ஒரு மூட்டு டாக்டரிடம் அழைத்துப்போனாள். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்கேனைப் போன்ற ஒன்றை டாக்டரம்மா அம்சாவின் விரல் மூட்டுகளில் வைத்தார். திரையில் மூட்டைச் சுற்றிச் சிவப்பாகத் தெரிந்தது.

"முடக்குவாதம்மா. இந்தச் சிவப்பெல்லாம் உள்வீக்கம். ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது. எத்தனை மாசமா இருக்கு?"

"ரெண்டு மாசமாங்க" என்றாள் அம்சா, என்னைப் பார்க்காமல்.

டாக்டரம்மா கருவியை நகர்த்தினார். ஆள்காட்டி விரல் எலும்பின் ஓரத்தில் சின்னக் குழி ஒன்று இருந்தது. "ரெண்டே மாசத்துல இவ்ளோ அரிச்சிருக்காதே" என்று யோசித்தார்.

என் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள். அதை நம்பி இரண்டு மாச நோய்க்கான மருந்தைக் கொடுத்துவிட்டால்?

"பத்து மாசங்க. தையிலயே சொன்னா. நான்தான் நம்பல" என்றேன்.

அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். "சிவப்ப மருந்துல அடக்கிடலாம். மூணு மாசத்துக்கு ஒருதரம் ஸ்கேன்ல பாத்து மருந்த மாத்திக்கலாம். ஆனா விழுந்த குழி ஆறாது" என்றார்.

மாசியில் மறுபடி பார்த்தபோது சிவப்பு பெரும்பாலும் அடங்கியிருந்தது. வெளியே வந்ததும், "பாருங்க, நல்லா மடங்குது" என்று அம்சா விரல்களை மடக்கிக் காட்டினாள். மற்ற விரல்கள் உள்ளங்கையைத் தொட்டன. ஆள்காட்டி விரல் தொடவில்லை. நான் அதைக் கவனித்துவிட்டேன் என்று தெரிந்ததும், கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.