கண்ணுக்குப் பிடிபடாத வெடிப்பு

வரதராசாவுக்கு மரவேலை தெரியாது. சுவிற்சர்லாந்துக்கு வந்து, டாவோஸில் ஒரு விடுதிச் சமையலறையில் ஒன்பது வருடம் கோப்பை கழுவிவிட்டு, முப்பத்தெட்டாவது வயதில் பேர்ண் நகருக்கு மேற்கே ஒரு தச்சுப் பட்டறையில் பலகை ஏற்றி இறக்கச் சேர்ந்தார். கூட்டித் துடைப்பது, சீவல் தூளைச் சாக்கில் கட்டுவது, வண்டியில் சாமான் அடுக்குவது, இவைதான் முதல் இரண்டு வருடமும் அவருடைய வேலை.

பட்டறையில் ரவுட்டர் என்ற கைமெசின் நாள் முழுக்க ஓடும். பலகையின் விளிம்பை வட்டமாக்க, காடி வெட்ட, அதன் வாயில் ஒரு பிட்டைப் பூட்டுவார்கள். உருக்குத் தண்டின் இரண்டு பக்கமும் கார்பைட் என்ற கடின உலோகத்தாலான வெட்டலகு ஒட்டிய சின்னச் சாமான் அது. மழுங்கினால் மரத்தை வெட்டாமல் எரிக்கும். மழுங்கியவற்றைத் தபாலில் தீட்டுவதற்கு அனுப்பினால் திரும்பி வர இரண்டு கிழமை. ஒருமுறை தேவையான பிட் கைவசம் இல்லாமல் வேலை முழுவதும் நின்றுபோனது. வரதராசா முதலாளி திருமதி கேர்பரிடம் போய், விடுதியில் தான் கத்திகளை வைரத் தகட்டில் தீட்டியிருப்பதாகச் சொன்னார். திருமதி கேர்பர் எறிவதற்கு வைத்திருந்த பிட் ஒன்றை எடுத்து நீட்டினார்.

அதை வரதராசா கெடுத்துத்தான் போட்டார். வெளிச்சரிவில் அராவியதில் பிட்டின் வடிவமே மாறிப்போயிற்று. இரண்டாவதையும் கெடுத்தார். மூன்றாவதில்தான் பிடிபட்டது: வெளிப்பக்கத்தைத் தொடவே கூடாது, வெட்டலகின் தட்டையான உள்முகத்தை மட்டும் அராவவேண்டும். ஒரு பக்கம் பத்து இழுப்பென்றால் மறுபக்கமும் பத்து. ஒன்று கூடினாலும் எடை ஒருபக்கம் சாய்ந்து, நிமிடத்துக்கு இருபதாயிரம் தடவை சுழலும்போது மெசின் கையில் துடிக்கும். அதற்கு முதல், பிட்டில் ஒட்டிய மரப்பிசினை ஊறவைத்துத் துடைக்கவேண்டும். இல்லாவிட்டால் பிசின் அரத்தின் வாயை அடைத்துவிடும்.

வைரத்தூள் பூசிய அரம் தேடியதும் ஒரு பெரும்பாடு. கட்டடச் சாமான் கடையில் வாங்கிய முதல் பெட்டியில் பத்து அரம் இருந்தன. ஒரு மாதத்துக்குள் வைரத்தூள் உதிர்ந்து வெறுந்தகடாகின. அடுத்து வாங்கியது தடிப்பு, இரண்டு வெட்டலகுக்கும் நடுவிலுள்ள பள்ளத்துக்குள் நுழையவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, தச்சுக் கருவிக் கடையொன்றில் ஒரு மணித்தியாலம் நின்று, ஒவ்வொரு அரத்தின் மேலும் நேர் பார்க்கும் இரும்பு அடிமட்டத்தை வைத்து, இடைவெளியால் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, வளைவில்லாத மூன்றைத் தெரிந்தெடுத்தார். சொரசொரப்பானது, அலகின் விளிம்பு பல்லுப்பல்லாய்ச் சிதைந்திருந்தால் மட்டும். நடுத்தரமானது அன்றாடத்துக்கு. மிக மென்மையானது கடைசி நாலு இழுப்புக்கு. தண்ணீர் தொட்டு, ஒரே திசையில், அமுக்காமல் இழுப்பார். எண்ணிக்கை உதட்டில் ஓடும்.

யன்னலோரம் அவருக்கென்று ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். நாட்டுக்கு வந்து பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, அவர் இல்லாவிட்டால் நின்றுவிடும் வேலை ஒன்று அவரிடம் இருந்தது.

அந்தச் செல்வாக்கில்தான் யேசுதாசனைப் பட்டறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். யேசுதாசன் ஓஸ்டர்முண்டிகனில் அவர் குடியிருந்த அதே கட்டடத்தில் மூன்றாம் மாடி. வரதராசாவைவிடப் பதின்மூன்று வயது இளையவன். ஆனால் கெட்டிக்காரன். வேலை செய்துகொண்டே படித்து, இந்த நாட்டுத் தச்சுப் பரீட்சையில் தேறி, பெரிய வேலைகளைத் தனியாகச் செய்யும் அளவுக்கு வந்துவிட்டான். காலையில் இருவரும் ஒன்றாக பஸ் பிடிப்பார்கள். ஒன்றாகத் திரும்புவார்கள்.

வரதராசாவின் ஐம்பத்தைந்தாவது வயதில் ஒருநாள், அவருடைய மேசைக்கு எதிரே இருந்த யன்னல் சட்டம் நடுவில் வளைந்து தெரிந்தது. சட்டம்தான் வளைந்துவிட்டது என்று நினைத்து அடிமட்டத்தை வைத்துப் பார்த்தார். அடிமட்டமும் வளைந்திருந்தது.

விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது என்றார் வைத்தியர். வலது கண் முதலில், இடதும் பின்னால் வரலாம். மாதம் ஒருமுறை கண்ணுக்குள்ளேயே ஊசி போடவேண்டும். அது நோயைத் தாமதிக்கும், மாற்றாது. மெசின்களோடு வேலை என்றால் வேலையிடத்தில் கட்டாயம் சொல்லுங்கள் என்றார்.

மனைவி ஜெயகௌரி ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. நோய் எவ்வளவு பாரதூரமானது என்று அவளுக்கு விளங்கியது.

"வேலையிலை சொல்லிட்டியளோ?"

"ஓம். சொல்லிட்டன்."

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை. கவனமா இருக்கட்டாம்."

அவர் சொல்லவில்லை. ஐம்பத்தைந்து வயதில் கண் தெரியாதவனை யார் வைத்திருப்பார்கள்? இன்னும் பத்து வருடத்தை எங்கே கொண்டுபோய்க் கழிப்பது? நாளைக்குச் சொல்வோம் என்று இரண்டு வருடம் போனது. வேலை ஓடத்தான் செய்தது. கூர் பார்க்க அவருக்குக் கண் தேவைப்படவில்லை. பெருவிரல் நகத்தை அலகில் மெல்ல வைத்தால் மழுங்கிய அலகு வழுக்கும், கூரான அலகு நகத்தில் கொழுவிப் பிடிக்கும். இழுப்பை எண்ணவும் கண் வேண்டாம். பிட்டுகளை அவர் திருப்பிக் கொடுத்தபோது ஒருவரும் குறை சொல்லவில்லை.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. வயோதிபர் விடுதி ஒன்றுக்கு ஓக் மரத்தில் பதினாலு படிக்கட்டுப் பலகைகள். பின்னேரம் வண்டியில் ஏற்றியாகவேண்டும். யேசுதாசன் எட்டுப் பலகை முடித்துவிட்டு, எரிந்த மணத்தோடு பிட்டைக் கொண்டுவந்து தந்தான்.

"அண்ணை, கெதியாத் தாங்கோ. இன்னும் ஆறு கிடக்கு."

பிசினைத் துடைத்து எடுக்கையில் பிட் ஈர விரலிலிருந்து நழுவி, சீமெந்துத் தரையில் விழுந்து உருண்டது. மெசின்களின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. குனிந்து, தடவித் தேடி எடுத்தார். கார்பைட் கண்ணாடி மாதிரி. கடினமானது, விழுந்தால் மயிரளவில் வெடிக்கும். விழுந்த பிட்டைப் பூதக்கண்ணாடியால் பார்க்கவேண்டும், சந்தேகமிருந்தால் எறிந்துவிடவேண்டும். பட்டறையில் அந்தச் சட்டத்தைச் சொன்னவரே அவர்தான்.

பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். பிட்டின் தண்டு தெரிந்தது. பிடித்திருந்த விரல்கள் தெரிந்தன. நடுவில், எதைப் பார்க்க எடுத்தாரோ அந்த இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு கறை மட்டும் நின்றது. மற்றக் கண்ணுக்கு மாற்றினார். அதிலும் அலகு கலங்கியே தெரிந்தது. நகத்தை வைத்துப் பார்த்தார். வழமையான மழுங்கல், அவ்வளவுதான். மயிர் வெடிப்பு நகத்துக்குப் பிடிபடாது என்று அவருக்குத் தெரியும்.

அதே அளவில் வேறு பிட் இல்லை. விழுந்தது என்று சொன்னால், பார்த்தாயா என்று கேட்பார்கள். தெரியவில்லை என்றால் ஏன் தெரியவில்லை என்று கேட்பார்கள்.

நடுத்தர அரத்தால் ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் பத்து. மென்மையானதால் நாலு, நாலு. கொண்டுபோய்க் கொடுத்தார்.

மீதி ஆறில் மூன்றாவது பலகையில் மெசினின் சத்தம் மாறியது. பிறகு கல்லை இரும்பில் அடித்த மாதிரி ஒரு வெடி. வரதராசா திரும்பியபோது யேசுதாசன் பலகையடியில் நிலத்தில் குந்திவிட்டான். வலது மணிக்கட்டை இடது கையால் பொத்தியிருந்தான். விரல்களுக்கிடையால் இரத்தம் குபுகுபுவென்று வந்தது.

"அண்ணை," என்றான், மெல்லிய குரலில். "மெசினை நிப்பாட்டுங்கோ."

உடைந்து பறந்த கார்பைட் துண்டு மணிக்கட்டின் உட்பக்கமாகப் புகுந்து நரம்பையும் தசைநார்களையும் அறுத்திருந்தது. இரண்டு தடவை சத்திரசிகிச்சை செய்தார்கள். கையைக் காப்பாற்றிவிட்டார்கள். பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மடங்கவே இல்லை.

விபத்தை விசாரிக்க வந்த அதிகாரி வரதராசாவிடம் ஒரேயொரு முக்கியமான கேள்வி கேட்டார். பிட் எப்போதாவது கீழே விழுந்ததா?

"இல்லை," என்றார் வரதராசா.

பிட் பழையது, பலமுறை தீட்டித் தேய்ந்தது, அதனால் உடைந்திருக்கலாம் என்று எழுதிக்கொண்டு போனார். திருமதி கேர்பர் அன்று அலுவலக அறைக்குள் அழுதார். பழைய பிட்டுகளை முன்பே எறிந்திருக்க வேண்டும், சிக்கனம் பார்த்தது என் பிழை என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். வரதராசா கேட்டுக்கொண்டு நின்றார்.

நாலு மாதம் அப்படியே நின்றார். ஜெயகௌரி கறியும் சோறும் கட்டி மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, "அந்தப் பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் பூட்டேலாமக் கிடக்கு," என்பாள். அவர் எழும்பிப்போய் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொள்வார்.

யூலையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கட்டடத்தின் நிலக்கீழ் உடுப்புத் தோய்க்கும் அறைக்கு இறங்கினார். யேசுதாசன் அங்கே தனியாக, ஈரம் காய்ந்த படுக்கை விரிப்பு ஒன்றை மடிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். ஒரு முனையைப் பல்லால் கடித்திருந்தான். வரதராசா போய் அந்த முனையை வாங்கிக்கொண்டார். விரிப்பு இருவருக்கும் நடுவில் இழுபட்டு நின்றது.

"தாசன், அண்டைக்கு அது விழுந்தது."

"எது?"

"பிட். என்ர கையாலை நழுவி சீமெந்திலை விழுந்தது. வெடிச்சிருக்கோ எண்டு பாத்தன். எனக்குத் தெரியேல்லை. எனக்குக் கண் தெரியிறேல்லை, தாசன். ரெண்டு வரிசமா."

யேசுதாசன் விரிப்பை விடவில்லை.

"கண் பிழையெண்டு எனக்குத் தெரியும்," என்றான். "பஸ் நம்பர் கிட்ட வருமட்டும் நீங்கள் எழும்பமாட்டியள். சொன்னால் உங்களை நிப்பாட்டிப் போடுவாங்கள் எண்டு நானும் வாய் திறக்கேல்லை."

மடங்காத விரல்களால் விரிப்பின் ஓரத்தை நீவினான்.

"ஆனா விழுந்தது எண்டு எனக்குத் தெரியாது. அவையளுக்குச் சொல்லியிருக்க வேண்டாம் அண்ணை. எனக்குச் சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லு. நான் அதைப் பூட்டியிருக்கமாட்டன். உங்களையும் காட்டிக் குடுத்திருக்கமாட்டன்."

"தெரியும்."

"இவ்வளவு நாளும் ஒரு பழைய இரும்பிலைதான் எனக்குக் கோவம். அது சுகமாயிருந்தது."

அவன் விரிப்பைத் தன் பக்கம் இழுத்து, மடிக்காமலே சுருட்டிக் கூடைக்குள் திணித்தான். கூடையை இடுப்பில் அண்டக்கொடுத்துத் தூக்கினான். வரதராசா கதவைத் திறந்துவிடப் போனார். "விடுங்கோ, நான் திறப்பன்," என்று முழங்கையால் கைபிடியை அமுக்கித் திறந்துகொண்டு போனான்.

திங்கட்கிழமை வரதராசா திருமதி கேர்பரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்த பிறகு, "நாலு மாதமாக நான் நித்திரை கொள்ளவில்லை. நீ பக்கத்து மேசையில் இருந்தாய்," என்று மட்டும் சொன்னார். சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். கண்ணுக்குக் கோடு தெரியாததால் அவருடைய கையெழுத்து அதற்குக் கீழே போய்விட்டது. அடுத்த கிழமை பதிவுத் தபாலில் வேலைநீக்கக் கடிதம் வந்தது. ஜெயகௌரி அதை வாசித்துச் சொன்னாள்.

"எனக்கும் பொய்தானே சொன்னியள்," என்றாள். கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு கண்ணைப் பற்றி அவள் ஒன்றும் கேட்பதில்லை. ஊசிக்குப் போகும் நாளில் மட்டும் அவருடைய சட்டையை எடுத்துக் கதிரையில் போட்டுவிட்டு வேலைக்குப் போவாள்.

ஒக்டோபரில் யேசுதாசன் குடும்பம் வீடு மாறியது. விபத்துக் காப்புறுதிக்காரர் அவனுக்குக் கணக்காளர் படிப்பு ஒன்று ஒழுங்கு செய்திருந்தார்கள், தூன் நகர்ப் பக்கம். மரம் தொடும் வேலை இனி இல்லை. பெட்டிகள் இறங்கும் சத்தம் கேட்டு வரதராசா கீழே போனார். படியில் நின்ற பெட்டி ஒன்றைக் குனிந்து தூக்கினார்.

யேசுதாசனின் மனைவி ரிஷானி ஓடிவந்தாள்.

"வையுங்கோ அண்ணை. ஆக்கள் இருக்கினம்."

"பாரமில்லைப் பிள்ளை, நான் கொண்டுபோய்..."

"வையுங்கோ," என்றாள். குரலில் கோபமில்லை. களைப்பு மட்டும்.

அவர் வைத்தார். ஒதுங்கிச் சுவரோடு நின்றார். ஆட்கள் அவரைக் கடந்து ஏறினார்கள், இறங்கினார்கள். யேசுதாசன் பின்கதவால் போயிருக்கவேண்டும், அல்லது அவரைக் கடந்தே போயிருக்கலாம். வாகனம் புறப்பட்ட சத்தம் கேட்டபிறகும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு படியின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தேடி மேலே ஏறினார்.