பினாங்குக்கு ஐம்பது நிமிடம்

லம்ரியா அக்கா விமானத்தில் கால் வீங்காமலிருக்க நோயாளியின் காலில் இறுக்கமான காலுறையை ஏற்றிக்கொண்டே, "அம்பது நிமிஷந்தான் அண்ணே. வடிச்ச சோறு ஆறுறதுக்குள்ள பினாங்குல இறங்கிடலாம்" என்பாள். வாரம் இருமுறை, ஒன்பது வருடமாக. சுமத்ராவின் மேடான் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிற எனக்கே அந்த வாக்கியம் மனப்பாடம்.

அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்தவள். இப்போது பினாங்குக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்குத் துணை. காரோ, தோபா, மலாய், ஹொக்கியன் என நான்கு மொழியிலும் வாந்தி, வயிற்றுப்போக்கு விவரம் சொல்லுவாள். விமானத்தில் ஜன்னல் பக்கம் உட்கார மாட்டாள். "கடலைப் பார்த்தா தூக்கம் போயிடும்டா." பினாங்கில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். திரும்புகையில் பன்னிரண்டுக்குக் கிளம்பி பதினொன்று ஐம்பதுக்கு வந்து இறங்குவார்கள். நோயாளிகள் அதிசயப்படுவார்கள். அக்கா வீங்கிய பாதத்தைச் செருப்புக்குள் திணித்தபடி, "அந்தப் பத்து நிமிஷத்தை யாராவது எனக்குத் தூங்கக் குடுத்தா தேவலை" என்பாள்.

போன மார்ச்சில் தெர்கெலின் கின்திங்கைக் கூட்டி வந்திருந்தாள். மலையில் ஆரஞ்சுத் தோட்டக்காரர், எழுபது வயது, ஈரலில் புற்று. கூட மகள் மாலெம்தா. அது ஆறாவது பயணம்.

விமானத்துக்கு அழைத்துவிட்டார்கள். நாற்காலியை நகர்த்தப் போனேன். கிழவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"தங்கச்சி, என் வீட்டு வாசல்லேருந்து அந்த டாக்டர் மேசைக்கு எவ்வளவு நேரம்? நெசத்தைச் சொல்லு."

அவருக்குப் பின்னால் நின்ற மாலெம்தா வேண்டாமென்று தலையசைத்தாள். அக்கா அதைப் பார்த்தாள்.

"பதினோரு மணி நேரம் அண்ணே."

"போனா?"

"அதே ஊசிதான். போன தடவை மாதிரி பத்து நாள் சோறு இறங்காது."

"குணமாகுமா?"

"ஆகாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. கொஞ்ச நாள் கூடக் கெடைக்கலாம்."

"அந்தக் கொஞ்ச நாளும் வழியிலேயே போயிடுமே. காய் மஞ்சளாகிற நேரம். என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

மாலெம்தா வெடித்தாள். "ஒவ்வொரு தடவையும் அம்பது நிமிஷம், அம்பது நிமிஷம்னு சொன்னது நீங்கதானே அத்தை? இப்ப எதுக்கு வாயைத் தெறந்தீங்க? இன்னும் ரெண்டு மாசம் இருப்பாரு, அதைக் கெடுத்துட்டீங்களே!"

கிழவர் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "கேட்டது நான்தானே, தாயி" என்றார். கடைசி அழைப்பும் வந்து ஓய்ந்தது. மாலெம்தா அழுது முடித்து, கைப்பேசியில் டிரைவரைத் திரும்ப வரச் சொன்னாள்.

அதன்பின் அவர் இருந்தது இருபத்தாறு நாள். தோட்டத்தில் கட்டில் போட்டிருந்தார்கள் என்று டிரைவர் பின்னொருநாள் சொன்னான். நான் பார்த்தது கார் வரைதான். இத்தனை வருடத்தில் நோயாளிகளின் மலை வீடு எதற்கும் அக்கா போனதில்லை. அன்று யாரும் கூப்பிடாமலேயே பின்சீட்டில் ஏறினாள். மாலெம்தா முன்சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா கிழவரின் கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்து, விடியற்காலையில் தானே மாட்டிவிட்ட காலுறைகளை ஒவ்வொன்றாகச் சுருட்டிக் கழற்ற ஆரம்பித்தாள்.