மலக்கி டியர்னி போட்ட ஒரே ஓட்டு

மலக்கி டியர்னிக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பது கில்தரா வட்டாரத்தில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். ஞாயிறு பூசை முடிந்ததும் கொல்லன் டார்பியின் பட்டறையில் செய்தித்தாளைப் பிரித்து உரக்கப் படிப்பவர் அவர்தான். நிலப்பிரபு சர் லூக்கஸ் டெவனிஷின் அரசியல் வாழ்க்கை முழுவதும் அந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது மலக்கியின் குரலில்தான்.

அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பாவின் தொகுதி இருபத்துநாலு வயதில் மகனுக்கு வந்தது. லண்டன் பாராளுமன்றத்தில் ஆறு வருடம் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தார். பிறகு, ஏழைகளின் ஒரே சாப்பாடான உருளைக்கிழங்கு அழுகிப்போன அந்தப் பாழும் வருடங்கள். சனங்கள் சாலையோரம் பட்டினியில் சாக, ஓட்ஸ் மூட்டைகள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. சர் லூக்கஸ் எழுந்து, கப்பல்களை நிறுத்துங்கள் என்றார். சொந்தக் கட்சியே சிரித்தது. கப்பலும் நிற்கவில்லை, அவருக்கு மந்திரி பதவியும் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்தப் பேச்சை மலக்கி படித்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. அந்த வாரம்தான் அம்மாவைப் புதைத்திருந்தார்.

பின்னாளில் குடியானவரை நினைத்தபடி நிலத்தைவிட்டு விரட்டக் கூடாது என்ற மசோதா வந்தபோது இதே சர் லூக்கஸ் அதை எதிர்த்து ஓட்டளித்தார். அதையும் மலக்கிதான் படித்தார். பட்டறை காறித் துப்பியது.

மலக்கிக்கு ஓட்டு கிடைத்த பிறகு மூன்று தேர்தல்கள். அப்போதெல்லாம் ஓட்டு வாயால் போடுவது. எஸ்டேட் வண்டிகளில் குடியானவர்களை ஏற்றிப்போய் மேடையில் நிறுத்துவார்கள். கீழே காரியஸ்தர் கோட்ஸ் பட்டியலோடு நிற்பார். வேறு பெயர் சொன்னவன் அந்த மண்ணில் அடுத்த அறுவடையைப் பார்த்ததில்லை. மூன்று முறையும் மலக்கி "டெவனிஷ்" என்று கத்திவிட்டு இறங்கினார். மூன்று முறையும் வீட்டுக்கு வந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டுபோய் இருட்டும்வரை வயலில் கொத்தினார்.

1874 தேர்தலில் ரகசிய ஓட்டு வந்தது. சீட்டில் குறி போட்டுப் பெட்டியில் போடலாம். ஆனால் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. படிக்கத் தெரியாதவர் அதிகாரியிடம் பெயரை வாயால் சொல்லலாம். வேட்பாளர்களின் ஆட்களும் பக்கத்திலேயே நிற்பார்கள். கோட்ஸுக்கு அது போதாதா? வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"மலக்கி, நாளைக்கு உனக்குப் படிக்கத் தெரியாது. புரிஞ்சுதா?"

"ஐயா, போன வாரம் உங்க நோட்டீஸையே நான்தானே ஊருக்குப் படிச்சுக் காட்டினேன்?"

"போன வாரம் தெரிஞ்சுது, நாளைக்குத் தெரியாது. உன் குத்தகை மே மாசம் முடியுது, ஞாபகம் வச்சுக்கோ."

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஓட்டு. மலக்கிக்கு முன்னால் நின்ற பதினோரு பேருக்கும் படிப்பு மறந்துபோயிருந்தது. பட்டறை வாசலில் தன் பெயரைத் தானே எழுதி மாட்டிய டார்பிகூட, "நான் கைநாட்டுங்க" என்றார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகுட்டிக்காரர்கள்.

"படிக்கத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியாதுங்க," என்று கோட்ஸ் முந்திக்கொண்டார்.

மலக்கி தொப்பியைக் கழற்றினார். "தெரியும். நல்லாவே தெரியும்."

சீட்டை வாங்கிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

சர் லூக்கஸ் ஒன்பது ஓட்டில் தோற்றார். டப்ளின் வக்கீல் ஒருவர் ஜெயித்தார். அடுத்த வாரமே கோட்ஸ் வாசலில் வந்து நின்றார்.

"எஜமான் உன்னை நெனச்சுத்தான் ரொம்ப வருத்தப்படறார். யாருக்குப் போட்டே? அவருக்குத்தான்னு ஒரு வார்த்தை சொல்லு, வெளியேத்தற நோட்டீஸைக் கிழிச்சுடறேன்."

"பெட்டியில போட்டேங்கய்யா," என்றார் மலக்கி.

மே மாதம் சட்டிபானைகளைக் கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். மனைவி ஹனோரா ஊர் எல்லைவரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். அப்புறம் கேட்டார்.

"இப்பவாவது சொல்லுங்க. அந்த வக்கீலுக்குத்தானே?"

"இல்ல. சர் லூக்கஸுக்கு."

ஹனோரா கழுதையை இழுத்து நிறுத்தினார். "பாவி மனுஷா, அதைத்தானே அந்தக் கோட்ஸும் கேட்டான். சொல்லித் தொலைச்சிருந்தா வீடு நின்னிருக்குமே."

"மூணு தடவை சொன்னேனே ஹனோரா. அதெல்லாம் ஓட்டா? வீட்டுக்குக் கொடுத்த வாடகை. இது ஒண்ணுதான், அன்னைக்குக் கப்பலை நிறுத்தச் சொன்னாரே, அதுக்காக நானாப் போட்டது. சொல்லியிருந்தா இதுவும் வாடகையாப் போயிருக்கும்."

ஹனோரா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு முன்னால் நடந்தார்.