முன்கொடியில் காய்ந்த துணி

கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று சாட்சி சொல்ல எனக்கும் ஆசைதான். சொன்னால் பொய்யாகிவிடும். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், சகோதரிகளே.

அப்போது எனக்கு முப்பத்தேழு வயசு. ஆம்பூரில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் தோல் பதனிடும் ஒரே ஷாப்பில் வேலை பார்த்தார்கள். ஒரு வீட்டின் பாதியில் நாங்கள், மறு பாதியில் தம்பி குடும்பம். தம்பி பெண்சாதி ஞானம் என் ஓரகத்தி. எட்டு வருஷத்தில் ஐந்து பிள்ளை பெற்றவள்.

நான் பூகோளம் படித்தவள். எந்த நதி எங்கே உற்பத்தியாகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஞானத்துக்குப் பாலாறு எங்கிருந்து வருகிறது என்றுகூடத் தெரியாது. பிள்ளை மட்டும் அவளுக்குத்தான் பிறந்தது. இது என்ன நியாயம் என்று ஆண்டவரிடம் தினம் கேட்டேன். பக்தி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். வயிற்றெரிச்சல் என்பதே சரி.

ஒரு வருஷம் எனக்கும் வயிறு பெருத்தது. சபை முழுக்கச் சொல்லிவிட்டேன். ஞானம் குல்லா தைத்தாள். ஐந்தாம் மாசம் வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அறுத்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது தேங்காய் அளவு கட்டி. அந்தப் பக்கத்துச் சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். “இன்னொரு பக்கம் நன்றாயிருக்கிறது. இனி நாள் தள்ளிப்போனால் ஒரு வாரத்துக்கு மேல் காத்திராமல் இங்கே வந்துவிடு” என்று கண்டித்து அனுப்பினார் டாக்டரம்மா. ஊர் திரும்பினேன். “இன்னா டீச்சரம்மா, கட்டிக்குப் பேர் வெச்சாச்சா?” என்று கிணற்றடியில் ஒருத்தி கேட்டாள். சிரித்து வைத்தேன்.

அடுத்த ஆடி மாசம் நாள் தள்ளிப் போயிற்று. பத்து நாள், இருபது நாள், நாற்பது நாள். பிள்ளையா, கட்டியா? தழும்புக்குப் பக்கத்தில் மந்தமாக ஒரு வலி வேறு. டாக்டரம்மா சொன்னது காதில் இருந்தது. ஆனாலும் போகவில்லை. போவதென்றால் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். அவர் தம்பியிடம் சொல்லுவார், தம்பி ஞானத்திடம் சொல்லுவார். மறுபடி கட்டி என்றால் ஞானம் என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள். கட்டியைத் தாங்கிக்கொள்ளலாம், அவள் இரக்கத்தை என்னால் தாங்க முடியாது. “கர்த்தாவே, எதுவானாலும் ஞானத்துக்குத் தெரியக்கூடாது.” இதுதான் நான் அழுது ஜெபித்த ஜெபம்.

ஜெபித்ததோடு நிற்கவில்லை. மாதவிலக்கு வந்தது போலக் காட்டிக்கொள்ள, பழைய துணிகளை அலசி வாசல் பக்கத்துக் கொடியில் காயப்போட்டேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே ஞானம் கைக்குழந்தையோடு என் அடுப்பங்கரைக்கு வந்து நின்றாள்.

“அக்கா, உனக்கு நாள் தள்ளிப் போயிருக்கா?”

“கொடியைப் பார்க்கலையா நீ?”

“பாத்துட்டுத்தான் வர்றேன். எந்தப் பொம்பளையாவது அந்தத் துணிய ஊர் பாக்கக் காயப்போடுவாளா? பொடவைக்கு அடியில மறைச்சுத்தானே போடுவோம்? அதுல ஒரு கறையும் இல்ல. நேத்து மச்சான் ஷாப்புலேர்ந்து வந்ததும் மூக்க வேற பொத்திக்கினு ஓடுன. பதினெட்டு வருசமா தெரியாத தோல் வாட இப்பத்தான் உனக்குத் தெரியுதா?”

பூகோளம் எதற்கும் உதவவில்லை. “கட்டியாயிருந்தா?” என்று கேட்டேன்.

“கட்டின்னா இன்னும் சீக்கிரம் போவணும். நாளைக்குக் காலை வண்டிக்குக் கெளம்பு. பேசாத.”

நாலு பிள்ளைகளையும் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளே கூட வந்தாள். காட்பாடி வரை ரயில், அங்கிருந்து ஜட்கா வண்டி. வழியெல்லாம் என் கையை விடவில்லை. டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார், திட்டினார், மறுபடி தொட்டுப் பார்த்தார். “கட்டி இல்லை. பிள்ளை. இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. மூன்று மாசத்துக்குக் குடம் தூக்காதே.”

வெளியே வந்து சொன்னேன். ஞானம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். அப்புறம்தான் சொன்னாள், எனக்கு ஆபரேஷன் ஆன நாளிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் சாப்பிடாமல் எனக்கு ஒரு பிள்ளை வேண்டி ஜெபித்தாளாம். அவள் சாப்பிடாத வெள்ளிக்கிழமைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆறாவது மசக்கை என்று நினைத்துக் குமைந்திருக்கிறேன்.

நியாயமாக அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கோ புதுப் பொறாமை வந்துவிட்டது. பதினெட்டு வருஷம் முழங்கால் தேய்ந்தவள் நான், பதில் மட்டும் அவளுக்கா? காட்பாடி ஸ்டேஷன் வரை வாய் திறக்கவில்லை.

“கோவமா அக்கா?”

“ஆமாம்.”

“இன்னாத்துக்கு?”

“நீ எனக்காக வேண்டிக்கொண்டதுக்கு.”

அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்து வீரிட்டது. பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. அன்றைக்குத்தான், யார் ஜெபம் என்று கணக்குப் பார்க்காமல், முதல்முறையாக ஸ்தோத்திரம் சொன்னேன்.

பங்குனியில் பெண் பிறந்தாள். இப்போது ஏழு வயசு. முழு நேரமும் சித்தி மடியில்தான். அதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்கிறது, மறைக்கவில்லை. ஆனால் கொழுந்தனாருக்குச் சுண்ணாம்புக் குழி வேலையில் இருமல் கண்டபின், வெள்ளிக்கிழமைகளில் அவருக்காக ஞானத்தோடு நானும் சாப்பிடுவதில்லை. முதல் சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபித்தேன். இப்போது தானாக வருகிறது.

சகோதரிகளே, உங்கள் பக்கத்திலும் ஒரு ஞானம் உட்கார்ந்திருப்பாள். உங்கள் கஷ்டத்தை இன்றைக்கே அவளிடம் சொல்லுங்கள், வேண்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அவளை உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆண்டவருக்குப் பிடித்திருக்கிறது. நான் பொறுத்துக்கொண்டேன், நீங்களும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆமென்.